ஓடுபாதைக்கு அடியில் இருப்பவர்கள்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாக இறங்கும் பொல்பிட்டியப் பக்கத்தில் விமானம் இறங்கும் அளவுக்குச் சமதரை கிடையாது. இருக்கிற கொஞ்சத்தையும் 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமும் அதைச் சார்ந்த குடியிருப்புகளும் எடுத்துக்கொண்டன. மேலே லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா என்று தேயிலை மலைகள். கீழே கித்துல்கலை. கடல் கடந்துபோய்ப் போரிடும் விமானப்படைகளைப் பற்றி ஆராய இந்த இடத்திலிருந்து தொடங்குவது பொருத்தமில்லாததுபோலத் தோன்றலாம். எனக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை. ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ என்ற ஆங்கிலப் படத்தைக் கித்துல்கலையில்தான் எடுத்தார்கள். அந்தப் படம் சொல்லும், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போடவைத்த ரயில்பாதையின் பாலங்களைக் குண்டுவீசித் தகர்த்த விமானப்படைகளுக்குப் போரின் கடைசிக் காலத்தில் கட்டளை கண்டியிலிருந்து போனது. அந்தப் பாதையைப் போட்டுச் செத்தவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். படத்தில் அவர்கள் இல்லை.

ஒரு நாட்டின் விமானப்படை தன் எல்லைக்குள் நின்று நாட்டைக் காப்பது ஒரு வகை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய், பிறர் மண்ணில் தளம் போட்டு, அங்கிருந்து போரிடுவது வேறு வகை. இந்த இரண்டாவது வகையைப் பற்றிய எழுத்தெல்லாம் பெரும்பாலும் விமானத்தின் வேகம், குண்டின் எடை, விமானியின் துணிச்சல் என்றே போகும். இலங்கைக்கு 1942 முதல் வந்துபோன வெளிநாட்டு விமானப்படைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவற்றின் பலமும் பலவீனமும் தரையில் இருந்தது தெரிகிறது. யாருடைய நிலம், யாருடைய உழைப்பு, யாருடைய சம்மதம் என்ற மூன்று கேள்விகளில்தான் காரியம் நடந்தது அல்லது கெட்டது. நிலத்தையும் உழைப்பையும் கொடுத்தவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

தரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1982ஆம் ஆண்டு ஃபோக்லாந்துப் போர் நல்ல உதாரணம். தென் அத்திலாந்திக்கில் ஆர்ஜென்டினா கைப்பற்றிய ஸ்டான்லி விமான நிலையத்தைத் தாக்கப் பிரிட்டனுக்கு அருகில் தளம் ஏதும் இல்லை. 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அசென்ஷன் தீவிலிருந்து ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அனுப்பினார்கள். அதற்கு நடுவானில் எண்ணெய் கொடுக்கவும், எண்ணெய் கொடுத்த விமானங்களுக்கே எண்ணெய் கொடுக்கவும் 11 விக்டர் விமானங்கள் பறந்தன. வீசிய 21 குண்டுகளில் ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. பக்கத்தில் ஒரு ஓடுபாதை இல்லாததன் விலை அது. அதனால்தான் வல்லரசுகள் தீவுகளையும் துறைமுகங்களையும் அவ்வளவு ஆசையோடு பார்க்கின்றன. இலங்கை அந்தப் பார்வையிலிருந்து ஒருநாளும் தப்பியதில்லை.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் போனது. திருகோணமலையும் கொழும்பும் திடீரென்று முன்னரங்கத் துறைமுகங்கள் ஆகிவிட்டன. விமானந்தாங்கிக் கப்பலில் வந்த ஹரிகேன் விமானங்கள் இரத்மலானைக்குப் பறந்து வந்து இறங்கின. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி அங்கே 258ஆவது அணியை நிறுத்தினார்கள். திருகோணமலையின் சீனன்குடாவில் 261ஆவது அணி. தெற்கே கொக்கல வாவியில் கெட்டலீனா என்ற நீர்விமானங்கள். கொக்கலவில் தளத்துக்காகக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவருடைய வீடு இடிபடாமல் நின்றது. இன்று அது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. சுற்றியிருந்த வீடுகளுக்கு அந்த நல்லூழ் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 4 அன்று கொக்கலவிலிருந்து புறப்பட்ட ஒரு கெட்டலீனா, தீவுக்குத் தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதை ஓட்டியவர் கனேடிய விமானி லெனார்ட் பெர்ச்சல். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் அவருடைய குழு செய்தி அனுப்பிவிட்டது. போர் முடியும்வரை அவர் கைதியாக இருந்தார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்திருந்த ஜப்பானியத் தளபதி நகுமோவின் படையிலிருந்து சுமார் 125 விமானங்கள் கொழும்புக்கு வந்தன. தாக்குதல் வருவது தெரிந்திருந்தும், ராடார் நிலையம் இருந்தும், இரத்மலானையில் விமானங்கள் தரையில் இருக்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். திருகோணமலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் அத்தனையும் வீழ்த்தப்பட்டன. அங்கொட மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. பந்தயத் திடலை மட்டும் ஜப்பானியர் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஓடுபாதை இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அன்றைக்கே அந்தப் பந்தயத் திடலிலிருந்து 11ஆவது அணியின் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் போர்விமானத் துணை இல்லாமல் போய் நகுமோவின் கப்பல்களைத் தாக்கின. ஒரு குண்டும் இலக்கில் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பி வரவில்லை. இந்த ஒன்பது விமானங்களைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் ஆசை. வேறு யாரோ ஒருவருடைய சாம்ராஜ்யத்துக்காக வந்தவர்கள்தான் என்றாலும், அன்று அவர்கள் பறந்தது இந்தத் தீவுக்காக.

அந்த வாரம் மலைநாட்டில் குண்டு எதுவும் விழவில்லை. அதன் தாக்கம் வேறு வழியாக வந்தது. கொழும்பிலும் துறைமுகத்திலும் வேலைசெய்த இந்தியத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக நகரத்தை விட்டு ஓடினார்கள். பர்மா போனதோடு பர்மா அரிசியும் போயிற்று. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. தோட்டத்து லயங்களில் இன்றும் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடும் முன் தட்டிப் போடும் ரொட்டி, அந்தப் பங்கீட்டுக் காலத்தில் அடுப்பங்கரைக்குள் நிலையாக வந்து உட்கார்ந்தது. மலாயா போய்விட்டதால் நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் ஊற்று இலங்கையாயிற்று. விமானத்தின் டயருக்கு இறப்பர் வேண்டும். மரம் தாங்காது என்று தெரிந்தே ஆழ வெட்டிப் பால் எடுத்தார்கள். தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கிக்கொண்டது. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்திருந்ததால், ஊருக்குப் போனால் திரும்பிவர முடியுமா என்ற பயத்தோடு மக்கள் மலையிலேயே இருந்தார்கள்.

1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தளபதி மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாறியது. விமானப்படைத் தலைமையும் கண்டிக்கு வந்தது. ரிச்சர்ட் பியர்ஸுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட லீ-மெலரி, இங்கு வரும் வழியிலேயே 1944 நவம்பர் 14இல் பிரான்சின் அல்ப்ஸ் மலையில் விமானம் மோதி இறந்தார். பிறகு வந்தவர் கீத் பார்க். 1940இல் இலண்டன் வானத்தையும் அடுத்து மோல்ட்டாவையும் காத்தவர் அவர். 1945 பெப்ரவரியில் கண்டியில் பொறுப்பேற்றார். பர்மா முழுவதும் பரந்திருந்த பிரித்தானிய, இந்திய, அமெரிக்க விமானங்களுக்கு அவர் தலைவர். ஓடுபாதை போட இடமில்லாத மலைநாடு அப்படித்தான் ஒரு மாபெரும் விமானப்படைக்குத் தலைமையிடமாயிற்று.

பர்மாப் போர்க்களம் இந்த வகை விமானப்படையின் முதல் பெரிய பள்ளிக்கூடம். 1944 மார்ச்சில் 5ஆவது இந்திய டிவிஷனை அரக்கானில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே விமானத்தில் ஏற்றி இம்பால் பக்கம் இறக்கினார்கள். அதே மாதம் பிரித்தானியத் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படையில் ஏறக்குறைய 9,000 பேரையும் கோவேறு கழுதைகளையும் எதிரியின் முதுகுக்குப் பின்னால் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ஜப்பானியர் அடைத்த கோகிமாச் சாலை ஜூன் 22இல் திறக்கும்வரை இம்பால் வானத்து வழியாகவே உயிர் தரித்தது. சாலை வழி மூடப்பட்ட படையும் சாப்பிட்டு, சுட்டு, ஜெயிக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது அங்கேதான். பிற்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ போர்விதிகளின் வேர் அந்த மழைக்காட்டில் இருக்கிறது.

தளங்களை யார் கட்டினார்கள் என்ற இடத்துக்கு வரும்போதுதான் ஒரு தோட்டத்துக்காரனாக எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அசாமில் சாபுவா, டின்ஜான், மோகன்பாரி என்று இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள் கொண்டுபோன தளங்கள் தேயிலை நாட்டுக்குள்ளேயே எழுந்தன. சாபுவா தேயிலை பிடுங்கிய நிலத்திலேயே வந்தது. இந்தியத் தேயிலைச் சங்கம் அரசு கேட்டபடி தோட்டங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிச் சாலைக்கும் தளத்துக்கும் அனுப்பியது. ஜார்க்கண்ட் பக்கக் காடுகளிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் தேயிலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசிகளின் பிள்ளைகள் அவர்கள். பெண்கள் குந்தியிருந்து சுத்தியலால் கல்லை உடைத்துக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கொட்ட, அந்தச் சல்லியின்மேல்தான் நாலு எஞ்சின் விமானம் இறங்கியது. மூன்றரை ஆண்டில் சுமார் 6,50,000 டன் பொருள் மலையைத் தாண்டியது. சுமார் 600 விமானங்கள் விழுந்தன. விழுந்த விமானங்களைத் தேடி இன்றும் ஆட்கள் அந்தக் காடுகளுக்குப் போகிறார்கள். விமானிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்துவருகின்றன. கல் உடைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் தேடுவதாகத் தெரியவில்லை.

பர்மாவில் விமானத்தை நம்பி நேசப்படை முன்னேறிக்கொண்டிருந்தபோது, க்வாய் ரயில்பாதையின் பாலங்கள் வானிலிருந்து திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன. பாதையோர முகாம்களில் இருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளும் அந்தக் குண்டுகளில் செத்தார்கள். உடைந்ததைத் திருப்பிக் கட்டக் கூப்பிடப்பட்டவர்கள் கைதிகளும் கூலிகளும்தான். பாதையைப் போட்ட கையும் குண்டுக்கு அடியில் நின்ற தலையும் ஒருவருடையதே.

சீனன்குடாவின் ஒரு இரவையும் சொல்லவேண்டும். 1944 ஓகஸ்ட் 10இல் அமெரிக்க பி-29 விமானங்கள் 54, சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்க அங்கிருந்து கிளம்பின. போகவர 6,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்த எடையைத் தாங்க ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள், எண்ணெய்க் குழாய் பதித்தார்கள். இலக்கை அடைந்தது 39 விமானம், சேதமோ சொற்பம். அதற்குப் பிறகு பி-29கள் சீனன்குடாவிலிருந்து போருக்குப் போகவில்லை. ஒரு இரவுக்காக ஒரு ஊரின் நிலத்தையும் தண்ணீரையும் புரட்டிப்போடும் சக்தி இந்தப் படைகளுக்கு உண்டு. காரியம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போகும் சுதந்திரமும் உண்டு.

போர் முடிந்தும் தளங்கள் முடியவில்லை. 1947 நவம்பர் 11இல் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கைப்படி சுதந்திர இலங்கையில் பிரித்தானியத் தளங்கள் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. வெளிநாட்டு விமானப்படை இந்த மண்ணில் நிற்க உடன்படிக்கை இருந்தது. போர்க்காலம் முழுவதும் தேயிலையும் இறப்பரும் கொடுத்த மக்கள் இந்த மண்ணில் நிற்கச் சட்டம் இல்லாமல் போயிற்று. 1957 நவம்பரில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கட்டுநாயக்கத் தளத்தைத் திரும்பப் பெற்றபோது நாடு கொண்டாடியது, நியாயமாகவே. கொண்டாடியவர்களில் வாக்குரிமை இல்லாதவர்களும் இருந்தார்கள்.

கட்டுநாயக்கவை விட்ட பிரிட்டன் மாலைதீவின் கன் தீவுக்குப் போனது. கன் தீவு மக்களைப் பக்கத்து ஃபெய்து தீவுக்கும், ஃபெய்து மக்களை அடுத்த தீவுக்கும் தள்ளினார்கள். அது 1976வரை. அதற்குள் தியெகோ கார்சியா தயாராகிவிட்டது. இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 1,800 கிலோமீட்டரில் உள்ள அந்தப் பவளத்தீவு ஒரு தென்னந்தோட்டமாக இருந்தது. கொப்பராக் காயவைத்து வாழ்ந்தவர்கள், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களும் இந்தியக் கூலிகளின் வழிவந்தவர்களும். 1968க்கும் 1973க்கும் இடையில், தியெகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளின் மக்கள் முழுவதுமாக அகற்றப்பட்டு மொரீஷியஸ், சீஷெல்ஸ் கரைகளில் விடப்பட்டார்கள். அந்த ஓடுபாதையிலிருந்துதான் ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் தாக்க அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. 2019இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் சாகோஸ் தீவுகளைக் கைவிட வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. 2025 மே 22இல் மொரீஷியஸோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் தளம் 99 ஆண்டுக் குத்தகையில் தொடரும் என்றே எழுதினார்கள். கொக்கல, சாபுவா, கன், தியெகோ கார்சியா. மீன்பிடி ஊர், தேயிலைத் தோட்டம், பவளத்தீவு, தென்னந்தோட்டம். ஏழை உழைப்பாளி இருக்கும் இடமே தளத்துக்கு வசதியான இடம் என்று ஒவ்வொரு முறையும் முடிவாகியிருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

1971இல் இன்னொரு வகை. ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது இந்தியா ஹெலிகொப்டர்களை அனுப்பியது, கட்டுநாயக்கவைக் காவல்காக்கப் படையினரையும் அனுப்பியது. சோவியத் யூனியன் மிக்-17 விமானங்கள் கொடுத்தது. அதே ஆண்டு இந்தியா தன் வானத்தை மூடியதால், கிழக்குப் பாகிஸ்தானுக்குப் படையினரைக் கொண்டுபோன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு டாக்காவுக்குப் போயின. பங்களாதேஷில் என்ன நடந்தது என்பதை அறிந்தபின், அந்த எண்ணெயை ஒரு சாதாரண வணிகமாகப் பார்க்க முடியாது. குண்டுவீசும் விமானத்துக்கு இடம் கொடுப்பது மட்டும்தான் பங்கெடுப்பு என்று நினைப்பவர்கள் அந்த ஆண்டைத் திரும்பப் படிக்க வேண்டும்.

தமிழருக்கு நெருங்கிய அனுபவம் 1987. இலங்கை இராணுவத்தின் வடமராட்சித் தாக்குதலின்போது இந்தியா அனுப்பிய உணவுப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியதும், ஜூன் 4இல் ஐந்து இந்திய ஏஎன்-32 விமானங்கள் மிராஜ் துணையோடு வந்து யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டன. போட்ட பொருள் சுமார் 25 டன். பசி தீர்க்க அது போதாது. கொழும்பின் முடிவை மாற்றப் போதும். எட்டு வாரத்தில் இந்திய-இலங்கை உடன்படிக்கை வந்தது, இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கியது. வானத்திலிருந்து சோறு போட்டவர்களை மக்கள் மாலையோடு வரவேற்றார்கள். ஒக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் எம்ஐ-8 ஹெலிகொப்டர்கள் படையினரை இறக்கியபோது நிலைமை தலைகீழாகி, விடுதலைப் புலிகளோடு போர் மூண்டிருந்தது. திட்டம் முன்கூட்டியே புலிகளுக்குத் தெரிந்திருந்தது. கடுமையான சூட்டில் அடுத்த சுற்றுகளை அனுப்ப முடியவில்லை. இறங்கிய 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். அதே மாதம் 27இல் சாவகச்சேரிச் சந்தையில் ஹெலிகொப்டர் தாக்குதலில் சாதாரண சனம் செத்தது. 1990 மார்ச் 24இல் கடைசிப் படையினரும் போகும்வரை இந்திய விமானப்படையின் ஓட்டம் நிற்கவில்லை. பறந்த எண்ணிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலடியில் இருந்த மக்களின் சம்மதம் கைவிட்டுப் போனபின் எத்தனை ஆயிரம் முறை பறந்தாலும் என்ன செய்ய முடியும்?

அந்தப் படை இறங்கிய பலாலி ஓடுபாதையே இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஓடுபாதையைச் சுற்றியிருந்த செம்மண் தோட்டங்களையும் வீடுகளையும் விட்டு ஓடினார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்றானது. 2009க்குப் பின் பகுதி பகுதியாக நிலம் விடப்பட்டிருக்கிறது; இன்னும் கிடைக்காதவர்கள் உண்டு. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது திறக்கப்பட்டது. வந்த படை போனாலும் போட்ட ஓடுபாதை போவதில்லை. அடுத்து வருபவனுக்கு அது காத்திருக்கும்.

இன்றைய நிலைக்கு வருவோம். 1998இல் அமெரிக்க விமானப்படை தன்னை உலகின் எந்த மூலைக்கும் சட்டென்று போய் இறங்கும் படையாக மாற்றியமைப்பதாக அறிவித்தது. பத்துத் தொகுதிகளாகப் பிரித்து முறைவைத்து அனுப்பியது. இப்போது அதன் கவலை வேறு. பெரிய தளம் ஒன்றில் எல்லாவற்றையும் குவித்தால் ஏவுகணைக்கு இரையாகும். 2025 ஜூன் 23இல் கத்தாரின் அல் உதெய்த் தளத்தை ஈரான் ஏவுகணையால் தாக்கியது. சண்டை அமெரிக்காவோடு, ஏவுகணை விழுந்தது கத்தார் மண்ணில். ஆகவே சிறு சிறு தளங்களில் சிதறி நின்று, இடம் மாற்றி மாற்றிப் பறப்பதே புதிய முறை. இது நம் போன்ற சிறு நாடுகளுக்கு அபாயமான செய்தி. நிரந்தரத் தளம் கேட்டால் நாடு விழித்துக்கொள்ளும். எண்ணெய் நிரப்ப, பொருள் இறக்க, சில நாள் நிற்க என்று கேட்டால் அது கணக்காளர் வேலைபோலத் தோன்றும்.

அப்படித்தான் தோன்றியது. 2007 மார்ச் 5இல் அமெரிக்காவோடு பொருள் சேவைப் பரிமாற்ற உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. நாட்டின் கவனம் அப்போது உள்நாட்டுப் போரில் இருந்தது. 2017இல் புதுப்பித்தார்கள். 2018 டிசம்பரில் ஜோன் சி. ஸ்டெனிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கான பொருட்களைக் கட்டுநாயக்க வழியாக விமானத்தில் ஏற்றி இறக்கினார்கள். 2019இல்தான் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. துருக்கியை நினைத்துப் பார்க்கிறேன். 2003 மார்ச் 1இல் ஈராக் போருக்காக அமெரிக்கப் படை தன் மண்ணில் நிற்கலாமா என்ற கேள்வி துருக்கிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, வாக்களிக்காமல் இருந்தவர்கள் 19. தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. வடக்கு முனையே இல்லாமல் அமெரிக்கா போரைத் தொடங்கியது. சம்மதத்தை வாக்குப் பெட்டியில் போட்டு எண்ண முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இத்தகைய எந்த உடன்படிக்கையும் கையெழுத்துக்கு முன் நம் பாராளுமன்றத்தில் முழு வாசகத்தோடு விவாதிக்கப்பட வேண்டும், எந்த நாட்டோடு என்றாலும்.

நவீன விமானப்போர் முதலில் தேடுவது மின்சாரத்தை என்பதையும் பொல்பிட்டியவில் இருந்து மறக்க முடியாது. 1991இல் ஈராக்கின் மின்நிலையங்கள் முதல் நாட்களிலேயே தாக்கப்பட்டன. நீரேற்றமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் நின்று நோய் பரவியது. 1999 மே மாதத் தொடக்கத்தில் செர்பியாவில் கரிநூல் குண்டுகளைக் கம்பிகள்மேல் போட்டு நாட்டின் பெரும்பகுதியை இருளாக்கினார்கள். இங்கேயும் 2008 ஒக்டோபர் 28இல் புலிகளின் சிறு விமானம் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் குண்டு போட்டது. லக்ஷபானத் தொகுதியின் அணைகளும் குழாய்களும் கொழும்புப் பக்கம் இறங்கும் உயர் அழுத்தக் கம்பிகளும் ஒரே பள்ளத்தாக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றின் அடியில் லயங்கள் இருக்கின்றன. கட்டுநாயக்கவில் நிற்கும் வெளிநாட்டு விமானத்தால் யாரோ ஒருவருக்குப் பகையாவது கொழும்பின் பிரச்சினை மட்டுமல்ல.

வெளிநாட்டு விமானம் என்றாலே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்றே இந்திய உதவி கிளம்பியது. அமெரிக்க ஹெலிகொப்டர்களும் வந்தன. 2025 நவம்பர் 28இல் கரையேறிய டித்வா புயல் மலைநாட்டைச் சரித்தபோது சாலைகள் அறுந்தன, மண்ணுக்கடியில் லயங்கள் போயின, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தியாவின் ‘சாகர் பந்து’ நடவடிக்கையில் சி-130 விமானங்கள் கட்டுநாயக்கவுக்குப் பொருள் கொண்டுவந்தன, எம்ஐ-17 ஹெலிகொப்டர்கள் சிக்கியவர்களைத் தூக்கின. போருக்கென்று கற்ற வித்தை அத்தனையும் அப்போது உயிர் காத்தது. இந்த மலைகளில் பறப்பது எளிதல்ல. 1974 டிசம்பர் 4 இரவு ஹஜ் பயணிகளோடு கொழும்புக்கு வந்துகொண்டிருந்த டிசி-8 விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துச் சீக்கிரமே தாழ இறங்கி ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். பேரிடருக்கு ஹெலிகொப்டர் வேண்டுமென்றால் ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் இறங்கக்கூடிய மைதானம் எது, கம்பி எங்கே ஓடுகிறது, மரம் எவ்வளவு உயரம் என்ற வரைபடம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அதைத் தோட்டத்து ஆட்களை வைத்துத்தான் செய்ய முடியும். பனிமூட்டம் எந்த மலை முகட்டில் எந்த நேரத்தில் விலகும் என்று காலமெல்லாம் கொழுந்து எடுத்த அம்மாவுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்குத் தெரியும்?

இப்போது இலங்கையே பிறர் மண்ணில் பறக்கிறது. 2014 முதல் ஐ.நா. அமைதிப்பணிக்காக இலங்கை விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகொப்டர்கள் மத்திய ஆபிரிக்கக் குடியரசின் பிரியாவில் நிற்கின்றன. தென்சூடானிலும் பணி செய்திருக்கின்றன. அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கிவருகிறார்கள், உணவு கொண்டுபோகிறார்கள். அது நல்ல வேலை. நம் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் வேலை. அந்தத் தளத்து நிலத்தில் முன்பு என்ன விளைந்தது, அங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், ஓடுபாதைக்கு மண் சுமப்பவர்களுக்கு என்ன கூலி என்று நம் பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினராவது கேட்க வேண்டும். பதுளையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ தெரிவான ஒருவர் கேட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.